இருபத்தோரு நாள் குட்டி

விலங்கு விருப்பச் சட்டம் அமலுக்கு வந்த முதல் வாரம் எங்கள் சந்தையில் ஒரு மாடுகூட விற்கவில்லை. சட்டம் ரொம்ப எளிமையானது. எந்த விலங்கும் கை மாறுவதற்கு முன்னால், கயிறு இல்லாமல், யாரும் தள்ளாமல், தானாக நடந்து போய்ப் புது எஜமானைத் தொட வேண்டும். அதற்குப் பத்து நிமிஷம் அவகாசம். தொடாவிட்டால் வியாபாரம் செல்லாது.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே நாலு தலைமுறையாக மாட்டுத் தரகு செய்கிற குடும்பம் எங்களுடையது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே பேரம் முடிக்கிற எங்களுக்கு மனிதர்களை இணங்க வைப்பது பெரிய வேலையில்லை. மாட்டை இணங்க வைப்பது எப்படி என்றுதான் யாரும் சொல்லித் தரவில்லை. வாங்க வந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பக்கம் நின்றார்கள். மாடுகள் எதிர்ப்பக்கம் நின்று அசை போட்டன. பத்து நிமிஷம் முடிந்ததும் இரண்டு தரப்பும் வந்த வழியே போய்ச் சேர்ந்தன.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதனால் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தோம். கைக்குள் ஒரு பிடி பருத்திக்கொட்டை. மாடு முட்டினால் கை மூடிக்கொள்ளும். முட்டாமல் பொறுமையாக நின்றால் கை திறக்கும். மூன்றே நாளில் மாட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்களுக்குப் புரியத்தான் மூன்று மாதம் ஆயிற்று: நாங்கள் செய்துகொண்டிருப்பது புதிதாக ஒன்றுமில்லை, அதே பேரம்தான். எதிரே நிற்பதற்கு நாலு கால், அவ்வளவுதான்.

மாட்டுக்கு அடுத்தபடி நாய். நாயை வைத்துக்கொண்டு அல்லாடிய ஜனங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சந்தையின் தெற்கு மூலையில் இருந்த என் கொட்டகை மெல்ல மெல்லக் குட்டிப் பள்ளிக்கூடமாக மாறிப்போனது. அந்தக் கொட்டகைக்குத்தான் ஓர் ஆடி மாதத்தில் ஹவில்தார் மாசிலாமணி வந்தார்.

வந்தார் என்பதுகூடச் சரியில்லை. அவர் சாலையிலேயே நின்றுவிட்டார். ஐம்பதடி தள்ளி, முதுகு விறைப்பாக, ராணுவத்து மீசையோடு ஒருவர் நின்றுகொண்டு என்னைக் கைகாட்டி அழைத்தால் நான் என்ன நினைப்பேன்? திமிர் என்றுதான் நினைத்தேன். போய்க் கேட்டபோது, என் கொட்டகை வாசலில் நிறுத்தியிருந்த தன் வேன் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நான் அங்க வந்து பேசினா அது ஒண்ணுக்குப் போயிடும்."

அது என்றால் வேனுக்குள் இருந்த கோம்பை நாய். பெயர் புல்லட். செம்பட்டை நிறம், கருத்த வாய், ஒரு காலத்தில் பார்த்தவரை நடுங்க வைத்திருக்கும் உடம்பு. இப்போது அது சீட்டுக்கு அடியில் சாக்குப் போலக் கிடந்தது. பக்கத்தில் அவருடைய ஒரே மகள் செண்பகவல்லி, இருபத்து நாலு வயது, அதன் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெயரை நான் மூன்று முறை கேட்ட பிறகுதான் சொன்னாள். அதையும் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கதை இதுதான். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மாசிலாமணி ஒரு தனியார் காவல் நிறுவனத்தில் நாய்ப் பிரிவுக்குப் பொறுப்பாளராக எட்டு வருஷம் இருந்தார். நிறுவனம் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கழுத்துப்பட்டை கொடுத்தது. பழைய பட்டைகள் போல அதற்குப் பொத்தான் கிடையாது. பட்டைக்கே காது உண்டு. எஜமானின் குரலில் கடுமை ஏறினால் அதுவாகவே அளந்து, ஏறின அளவுக்கு ஒரு மின்னதிர்ச்சி கொடுக்கும். கை அழுத்துகிற சிரமம்கூட மனிதனுக்கு வேண்டாம் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். அவர் வீட்டிலேயே வளர்ந்த புல்லட் பிரமாதமாக வேலை செய்தது. இரண்டு முறை மெடல்கூட வாங்கியதாம். நிறுவனம் மூடியதும் பட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு நாயை இவரிடமே விட்டுவிட்டது. பட்டை போய் ஆறு மாதம் ஆகிறது. அவர் "சாப்பிடு" என்று சொன்னாலும் அது சாப்பிடுவதில்லை. அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும் சாப்பிட்டது. அதனால் அவர் தினமும் இரண்டு வேளை வீட்டை விட்டு வெளியே போய்த் தெருமுனையில் நின்றார்.

அதைக் கேட்ட பிறகு அந்த மீசை எனக்குத் திமிராகத் தெரியவில்லை.

நான் கால்நடை மருத்துவர் நூருன்னிசாவை வரவழைத்தேன். சந்தைக்குச் சட்டப்படி சான்று கொடுக்கிறவரும் அவர்தான். நாயைப் பார்த்துவிட்டுச் சாலைக்கே போய் ஹவில்தாரிடம் பேசினார். நான் கூட நின்றேன்.

"நாய்க்குட்டிக்கு மூணாவது வாரத்துலேர்ந்து பதினாலாவது வாரம் வரைக்கும் மனசு திறந்திருக்கும்" என்றார் டாக்டர். "அந்த நேரத்துல எதையெல்லாம் பயமில்லாம, சந்தோஷமாப் பார்க்குதோ, அதெல்லாம் அதுக்கு நம்ம உலகம். பார்க்காததெல்லாம் ஆபத்து. அப்புறம் அந்த ஜன்னல் சாத்திக்கும். இப்ப வந்திருக்கிற ஊசி அதை மறுபடி திறக்கும். இருபத்தோரு நாள்தான். வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் போடலாம்."

"பயமெல்லாம் போயிடுமா?"

"போயிடும். கூடவே மத்ததும் போயிடும். வீடு, பழகினவங்க, எல்லாம். அதனால நீங்க ரெண்டு பேரும் கிட்டவே வரக் கூடாது. பாதியில உங்க குரலக் கேட்டா பழைய பயம் திரும்ப வந்து ஒட்டிக்கும். கடைசி நாள், ஜன்னல் சாத்தறதுக்கு முன்னாடி, புது ஆளா வாங்க."

இன்னொன்றையும் விளக்கினார். ஊசி போட்ட நாயைச் சட்டம் புதுக்குட்டியாகத்தான் பார்க்கும். பழைய உரிமை செல்லாது. அந்தக் கடைசி நாளில் அது பத்து நிமிஷத்துக்குள் தானாக நடந்து போய் அவரைத் தொட வேண்டும். தொடாவிட்டால் அரசு காப்பகம், சாகும்வரை அங்கேதான். மறுபரிசோதனை என்று ஒன்று கிடையாது.

மாசிலாமணி வேனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒன்று கேட்டார். "அப்ப என்னை மன்னிச்சிடும்னு சொல்றீங்களா?"

"மறந்துடும்னு சொல்றேன். மன்னிக்கறதுன்னா ஞாபகம் இருக்கணுங்க."

அவர் கையெழுத்துப் போட்டார். வேனிலிருந்து நாயை இறக்கியபோது செண்பகவல்லி அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு டாக்டரோடு கொஞ்ச தூரம் நடந்து போய் எதையோ கேட்டாள். டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். அதைப் பற்றி எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

ஊசி போட்ட மறுநாள் காலையில் கொட்டகையைத் திறந்தேன். ஒன்பது வயதுக் கிழட்டுக் கோம்பை ஒன்று தன் வாலைத் தானே முதல்முறையாகப் பார்த்தது போலத் துரத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்த வியாபாரங்களிலேயே அதுபோல ஒன்று கிடையாது. நேற்றுவரை உலகத்தின் மீது வைத்திருந்த அத்தனை புகாரையும் அது ஒரே இரவில் வாபஸ் வாங்கியிருந்தது.

எதிர்க் கொட்டகைத் தரகர் ராமாத்தாள், எங்கள் சந்தையிலேயே உரத்த தொண்டைக்காரி. அவள் அதைப் பார்த்துவிட்டு, பழைய பெயரைச் சொல்லவே கூடாது என்று டாக்டர் கண்டித்திருப்பதையும் கேட்டுவிட்டு, உடனே ஒரு பெயர் வைத்தாள். "வந்து உக்காந்து திங்கறதத் தவுர வேற வேலையில்ல. அப்பறம் என்ன, மாப்ளதான்." அதுவே நிலைத்தது.

டாக்டர் ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். நூற்றுநாலு வரிகள். குடை, ஹெல்மெட், ஊன்றுகோல், காற்றில் பறக்கிற சேலை, அழுகிற குழந்தை, பலூன், பின்னால் வருகிற லாரி, தாடி, பர்தா, போலீஸ் தொப்பி. ஒவ்வொன்றையும் அது பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் முகத்துக்கு நேரே கொண்டுபோய் நீட்டுவதில்லை. குடை முதலில் நாற்பதடி தள்ளி விரியும். விரிந்ததும் இங்கே ஒரு துண்டு ஈரல். நாய் தலையைத் திருப்பிக்கொண்டால் குடை போய்விட வேண்டும். நாய் வேண்டாம் என்று சொன்னதற்கு நாம் கொடுக்கிற மரியாதை அது. வேண்டாம் என்று சொன்னால் செல்லுபடியாகும் என்று தெரிந்த நாய்தான் மறுநாள் ஓரடி முன்னால் வரும். கடையை விட்டு எழுந்து போகிறவரைக் கையைப் பிடித்து இழுத்தால் அவர் அடுத்த சந்தைக்குப் போய்விடுவார் என்பது எங்களுக்குத் தெரியாதா? நாய்க்கும் அதே நியாயம்தான் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் கொஞ்சம் மனசு வேண்டியிருந்தது.

துண்டு விளையாட்டு அதற்கு உயிர். தோளில் இருக்கிற துண்டைக் கையின் மேல் போட்டு மூடுவேன். உள்ளே ஒரு கையில் ஈரல், ஒரு கை வெறும் கை. மாப்ளை மூக்கை உள்ளே விட்டு, முட்டாமல், நக்காமல், ஒரு விரலை மட்டும் மூக்கால் தொட்டுவிட்டு வெளியே வந்து என் முகத்தைப் பார்க்கும். தொட்டது சரியென்றால் துண்டு விலகும். தவறென்றால் மறுபடி ஆட்டம். சந்தையில் முப்பது வருஷமாகத் துண்டுக்குள் கைவிட்டவர்களில் பாதிப் பேருக்கு இல்லாத நாணயம் அதன் மூக்குக்கு இருந்தது. அந்த மூன்று வாரமும் காலையில் எழுந்திருப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதற்காக நான் இன்னும் அந்த நாய்க்கு நன்றியோடுதான் இருக்கிறேன்.

ஒவ்வொரு பேரம் முடியும்போதும் எங்கள் வழக்கப்படி ஒரு கூச்சல் எழும். துண்டுக்குள் நடப்பது மௌனம். துண்டை எடுத்த பிறகு நடப்பது போர். வாங்கினவன் ஏமாந்துவிட்டதாகக் கத்துவான், விற்றவன் அதைவிடச் சத்தமாக அழுவான், தரகன் இருவரையும் மிஞ்சிக் கத்தி இருவரையும் டீக்கடைக்கு இழுத்துப் போவான். அங்கே வடையும் பன்னும் வரும். மாப்ளைக்கு ஒரு பங்கு எப்போதும் உண்டு. மூன்றாவது நாளே எங்கே நாலு பேர் கத்தினாலும் அது வாலைச் சுழற்றிக்கொண்டு நடுவில் போய் உட்கார ஆரம்பித்தது. நாங்கள் சிரித்தோம். யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பதினெட்டாம் நாள் நில அளவைத் துறையிலிருந்து ஒரு சர்வேயர் வந்தார். மெலிந்த மனிதர். யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக் கூடாதே என்கிற மாதிரி கொட்டகை வாசலில் குனிந்து நின்று, தொண்டைக்குள்ளேயே, "சார், ஒரு சின்ன விஷயம்" என்றார்.

மாப்ளை எழுந்தது. ஒரு பார்வை பார்த்தது. பிறகு மெல்லப் பின்வாங்கி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு உறுமியது. பதினெட்டு நாளில் அது உறுமி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டாக்டருக்குப் போன் போட்டேன். வந்தார், பட்டியலைக் கேட்டார், விரலை வைத்துக்கொண்டே வந்து அறுபத்தோராவது வரியில் நிறுத்தினார். 'மென்மையாகப் பேசும் ஆண்.' பக்கத்தில் என் கையால் சரி போட்டிருந்தது, முதல் நாள் தேதியில்.

"யாரு இது?"

"நாந்தானுங்க" என்றேன்.

பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கண்டுபிடித்த பிறகு மாட்டுக்காரனை ஒரு பார்வை பார்ப்போமே, அந்தப் பார்வை பார்த்தார் டாக்டர். ராமாத்தாள் எதிர்க் கொட்டகையிலிருந்தே கேட்டுவிட்டு, என்னைவிட மென்மையாகப் பேசுகிறது தன் வீட்டு மாவு மில் என்று அறிவித்தாள். நான் உண்மையாகவே என்னைச் சாந்தமான ஆள் என்றுதான் நம்பியிருந்தேன். இந்தச் சந்தையின் அளவுகோலில் அது பொய்யும் இல்லை. இங்கே மெதுவாகப் பேசுகிறவன் என்றால் ஒன்று களவு மாடு கொண்டுவந்தவன், அல்லது மாட்டின் நோயை மறைக்கிறவன். நாய் எங்களோடு இருந்து எங்கள் புத்தியையே கற்றுக்கொண்டுவிட்டது.

மிச்சமிருந்த இரண்டு நாளில் என்னென்னவோ செய்து பார்த்தோம். தரகர்கள் எல்லோரும் கிசுகிசுத்துப் பேசினார்கள். ராமாத்தாள் கிசுகிசுத்தபோது குக்கர் விசில் விடுவதற்கு முன் மூச்சு வாங்குவது போல இருந்தது. நாய் அதற்கும் வண்டிக்கு அடியில் போனது. டாக்டர் தாமே வந்து மென்மையாகப் பேசினார். பெண் குரலுக்கு ஓரளவு இணங்கியது, அவ்வளவுதான். ஆண் குரல் தாழ்ந்தால் உறுமல். ஜன்னல் முக்கால்வாசி சாத்தியாகிவிட்டது, இனிமேல் புதிதாக எதுவும் உள்ளே போவது கஷ்டம் என்றார்.

ஹவில்தாரைப் போனில் கூப்பிட்டேன். எடுத்தது அவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பட்டுத் துணியில் சுற்றிய மாதிரி ஒரு குரல். இருபது நாளாக வீட்டில் தினமும் காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து செய்தித்தாளைத் தாழ்ந்த குரலில் படித்துப் பழகியிருக்கிறார். கைபேசியில் ஒலி அளவு காட்டும் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, முள் பச்சையைத் தாண்டாமல் பேசுகிறாராம். சொல்லும்போது குழந்தை போலப் பெருமைப்பட்டார். நடந்த தவறை நான் விளக்கி, நாளைக்குக் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் அதே பட்டுக் குரலில் சொன்னார்: "தரகரே, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தக் குரல நான் இனிமே எடுக்க மாட்டேன். நாய் கிடைக்கலைன்னாலும் சரி."

நான் ஆயிரம் பேரை இணங்க வைத்திருக்கிறேன். அன்றைக்குப் போனை வைத்துவிட்டுப் போய் நாய் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்தோராம் நாள் காலை ஒன்பது மணிக்குச் சந்தையின் பரிசோதனை வட்டத்தில் அவரை உட்கார வைத்தோம். கம்பி வேலி போட்ட முப்பதடி மண் தரை. டாக்டர் கடிகாரத்தோடு ஒரு ஓரம். நான் எதிர் ஓரம், மாப்ளையோடு. செண்பகவல்லி வேலிக்கு வெளியே, அப்பாவின் பின்னால். என் தொழில் ரகசியம் ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்: வேண்டியதை நேராகப் பார்க்காதீர்கள். வாங்க ஆசைப்படுகிற மாட்டை எந்த வியாபாரியும் கண்ணால் பார்ப்பதில்லை. பக்கவாட்டில் உட்காருங்கள், வேறெங்கோ பாருங்கள். அவர் தலையாட்டினார். ஆனால் உட்கார்ந்த மறுகணமே நாயையே பார்த்தார். முப்பது வருஷம் வெறித்துப் பார்த்தே வாழ்ந்த கண். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

நான் கயிற்றை அவிழ்த்தேன். மாப்ளை நாலடி முன்னால் போனது. காற்றை மோந்தது.

"வா கண்ணா" என்றார் அவர், மூச்சுக் காற்று போல.

அது நின்றது. காது பின்னால் போயிற்று. திரும்பி வந்து என் காலுக்குப் பின்னால் நின்றுகொண்டது.

மூன்று நிமிஷம் போனது. ஐந்து போனது. அவர் கூப்பிடக் கூப்பிடக் குரல் இன்னும் தாழ்ந்தது. தாழத் தாழ நாயின் உறுமல் ஏறியது. ஏழாவது நிமிஷம் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் நின்ற இடத்திலிருந்தே ஹவில்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரே ஒரு முறை சத்தமாகக் கூப்பிடுங்கள், அதற்குச் சத்தம் என்றால் வடை என்றேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். கண்ணில் நீர் நின்றது, குரல் மட்டும் பச்சையைத் தாண்டவில்லை.

"போகட்டும்" என்றார். "என்கிட்ட வராம இருக்கறதுதான் அதுக்கு நல்லது. விட்டுடுங்க." சொல்லிவிட்டு எழுந்தார்.

"உக்காருங்க."

யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. செண்பகவல்லி வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவும் நீங்கதான் முடிவு பண்ணுவீங்க, இல்ல? அதுக்கு எது நல்லதுன்னு. எனக்கு எது நல்லதுன்னு." குரல் ஆரம்பத்தில் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. "பட்டையக் கழட்டுங்கப்பான்னு ஒரு தடவை சொன்னேன். ஞாபகம் இருக்கா? பதினாறு வயசு எனக்கு. ரூல்ஸ்படி இருபத்து நாலு மணி நேரமும் போடணும்னு என்னைப் பார்த்துக் கத்துனீங்க. அந்தக் கத்தலுக்கு மூலையில படுத்திருந்த அதுதான் துடிச்சுது."

ஹவில்தார் திரும்பினார். இப்போது அவர் முதுகு நாய்க்கும் முகம் மகளுக்கும்.

"வீட்டுல பட்டை வேலை செய்யாதுன்னு கம்பெனியில சொன்னாங்க..."

"செஞ்சுது. நீங்க என்னத் திட்டுன ஒவ்வொரு தடவையும் செஞ்சுது. நான் எதுத்துப் பேசினா நீங்க கத்துவீங்க. நீங்க கத்தினா அது அடி வாங்கும். அதனாலதான் நான் பேசறதையே நிறுத்தினேன். எட்டு வருஷம்ப்பா. அடக்கமான பொண்ணுன்னு ஊர் பூரா பெருமை பேசினீங்க."

அவள் கத்திக்கொண்டிருந்தாள். சந்தையின் வேலிக்கு அந்தப் பக்கம் பேரங்கள் நின்றுபோய்த் தரகர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்களைவிடச் சத்தமாக ஒருத்தி கத்துவதை அந்த மண் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் அவர்.

"தெரியாதுன்னு மெதுவாச் சொல்லாதீங்க. எனக்கு அந்த மெதுவும் பிடிக்கல. இருபது நாளா வீட்டுல செத்த வீடு மாதிரி இருக்கு. சத்தமாச் சொல்லுங்க."

"தெரியாதுன்னு சொல்றேன் இல்ல!" என்றார் மாசிலாமணி.

அந்தக் குரல் வட்டம் முழுவதும் அடித்துத் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் காலை உரசிக்கொண்டு ஏதோ போனது.

கண்ணைத் திறந்தபோது மாப்ளை வட்டத்தின் நடுவில் இருந்தது. வால் சுழன்றது. சண்டை தொடங்கிவிட்டது, டீக்கடை தூரத்தில் இல்லை என்று அது முடிவு கட்டிவிட்டது. அவருக்குப் பின்னால் போய் நின்று, தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்த கையைப் பார்த்தது. முட்டவில்லை, நக்கவில்லை. ஒரு விரலை மட்டும் மூக்கால் தொட்டது.

அவர் அசையவில்லை. மகளைப் பார்த்தபடியே நின்றார். முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"ஒம்பது நிமிஷம் பத்து செகண்டு" என்று டாக்டர் கடிகாரத்தை நிறுத்தினார்.

பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான சந்தைக் காரியங்கள். ராமாத்தாள் ஒரு தட்டு வடையோடு வந்தாள், ஹவில்தாருக்குக் கொடுப்பதற்கு முன் நாய்க்குக் கொடுத்தாள், வீட்டில் அதன் பெயரை மாற்றினால் தானே நேரில் வந்து கேட்பதாக எச்சரித்தாள். மெடல் வாங்கிய புல்லட் இனிமேல் மாப்ளைதான் என்று மாசிலாமணி ஒப்புக்கொண்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடாமல் வைத்திருந்தார். துண்டுக்குள் எத்தனையோ பேர் விரலைப் பிடித்திருக்கிறார்கள். அந்தப் பிடிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ள எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் சான்றிதழ் எழுதி முடித்துக் காகிதங்களை அடுக்கியபோது வேறொரு படிவம் வெளியே நழுவியது. குனிந்து எடுத்துக் கொடுக்கும்போது பெயரைப் பார்த்துவிட்டேன். செண்பகவல்லி.

"பார்த்துட்டீங்கல்ல, வெளியே சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர். அந்த ஊசி மனிதர்களுக்கும் வந்துவிட்டதாம். இன்னும் சோதனைக் கட்டம்தான். பயத்தில் உறைந்துபோனவர்களுக்கு. நாயைக் கொண்டுவந்த அன்றைக்கே அவள் விசாரித்து, இந்த டாக்டர் மூலமாகவே கோவையில் வரும் திங்கட்கிழமைக்குப் பெயர் கொடுத்திருந்தாள். இன்று காலை, பரிசோதனைக்கு முன்னால் வந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.

"அந்த நாய்க்குக் குட்டியா இருக்கும்போது பார்வோங்கற நோய் வந்து சாகக் கிடந்துச்சாம். பதினோரு நாள் இவங்கப்பா லீவு போட்டு மடியில வெச்சு ஸ்பூன்ல தண்ணி கொடுத்தாராம். அது இப்ப நாய்க்குத் தெரியாது. அவருக்கும் அவளுக்கும்தான் தெரியும். எனக்கும் அந்த மாதிரி சிலது இருக்கு, அதையெல்லாம் கொடுக்க மனசு வரல, பயத்தோடயே பேசிப் பார்த்துக்கறேன்னு சொன்னா."

டாக்டர் படிவத்தைக் குறுக்கே கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நாங்கள் டீக்கடைப் பக்கம் போனபோது அப்பனும் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நாய் இருவருக்கும் நடுவே கீழே படுத்து, இன்னும் தீராத சண்டையைக் கேட்டுக்கொண்டே சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கிளம்பலாமா, வெயில் ஏறுகிறது என்று அவர் கேட்டார். சாதாரணக் குரல், உரத்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை.

"இருங்கப்பா" என்றாள் அவள். "இப்பத்தான் பதினாறு வயசு முடிஞ்சிருக்கு. பதினேழுக்கு இன்னும் வரவே இல்ல."

மாசிலாமணி கடைக்காரரைப் பார்த்து இன்னும் இரண்டு டீ சொன்னார். பிறகு, பெஞ்சில் நன்றாகப் பின்னால் தள்ளி, சாய்ந்து உட்கார்ந்தார்.